எந்தப் பாகத்தை விற்கிறோம் என்பதைக் கடைகள் எழுதித் தரவேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கையடக்க இசைக் கருவிகளைத் திறந்து, அவற்றின் பற்றரியையும் ஒலிச் சுற்றிலுள்ள பாகங்களையும் மாற்றிப் புதுப்பிக்கும் வேலையைப் பல ஆண்டுகளாக ஓய்வு நேரத்தில் செய்து வருபவன் என்ற முறையில் இக்கடிதத்தை எழுதுகிறேன். எம்பி3 பிளேயர் என்று பொதுவாக அழைக்கப்படும் இக்கருவிகளில் விலை குறைந்தவை பழுதானால், "இதைத் திருத்த முடியாது, புதிதாக ஒன்றை வாங்குங்கள்" என்ற பதிலே கடைகளில் பெரும்பாலும் கிடைக்கிறது. 2022 ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் 200 ரூபாவை ஒட்டியிருந்த டொலரின் பெறுமதி ஓரிரு மாதங்களில் 360 ரூபா வரை ஏறிய பின்னர், புதிதாக வாங்குவது என்பது மாணவர்களுக்கும் சிறு சம்பளக்காரர்களுக்கும் எளிதான காரியமாக இல்லை. ஆகவே, கையிலிருக்கும் கருவியையே நல்லதாக்கிக்கொள்ள விரும்புவோர் கொழும்புப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்குப் பாகம் தேடிப் போகின்றனர். அங்கே பாகம் கிடைக்கிறது. அது எத்தகைய பாகம் என்ற விபரம் கிடைப்பதில்லை. இந்தக் குறையால் எவ்வளவு பணமும் உழைப்பும் வீணாகின்றன என்பதையும், இதனைச் சரிசெய்வது எவ்வளவு எளிது என்பதையும் தங்கள் வாசகர்களின் கவனத்திற்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

முதலில் பற்றரியைப் பார்ப்போம். மலிவான கருவிகளில் வழக்கமாக முதலில் தளர்ந்துபோவது அதுதான். பின்மூடியை மெல்லிய பிளாஸ்டிக் தகட்டினால் நெம்பிக் கழற்றினால், வெள்ளி நிறப் பையாக ஒரு லிதியம் பொலிமர் கலம் ஒட்டுநாடாவால் ஒட்டப்பட்டிருப்பதைக் காணலாம். அதன் ஒரு முனையில், மஞ்சள் நாடாவின் கீழே, சுண்டுவிரல் நகத்தின் அகலம்கூட இல்லாத சிறிய பச்சைப் பலகை ஒன்று இருக்கும். கலம் அளவுக்கு மிஞ்சி மின்னேறும்போதும், அளவுக்கு மிஞ்சி வற்றும்போதும், கம்பிகள் ஒன்றோடொன்று தொட்டுவிடும்போதும் இணைப்பைத் துண்டித்துக் கருவியையும் அதை வைத்திருப்பவரையும் காப்பது அந்தப் பலகையே. கலத்தின் மேல் 503035 என்பது போன்ற ஆறு இலக்கங்கள் அச்சிடப்பட்டிருக்கும். 5.0 மி.மீ. தடிப்பு, 30 மி.மீ. அகலம், 35 மி.மீ. நீளம் என்பதே அதன் பொருள். இந்த இலக்கத்தைப் படிக்கத் தெரிந்தவருக்கு, மூடிக்குள் அடங்கக்கூடிய கலம் எது என்பதைக் கடைக்குப் போகுமுன்னரே தீர்மானித்துக்கொள்ள முடியும்.

ஆனால் அளவு பொருந்தினால் மட்டும் போதாது. பழைய கலத்திலிருந்து இரண்டு கம்பிகள் வருகின்றனவா, மூன்று வருகின்றனவா என்பதைக் கவனிக்க வேண்டும். மூன்றாவது கம்பி இருந்தால், அது பெரும்பாலும் கலத்தின் வெப்பநிலையை அறியும் தடையிக்கு உரியது. அதைக் கவனியாமல் இரண்டு கம்பிக் கலத்தைப் பொருத்தினால், சில கருவிகள் மின்னேற்றவே மறுத்துவிடும். அதேபோல, பழையதைவிடக் கொள்ளளவு மிகக் குறைந்த கலத்தைப் பொருத்தினால், கருவி முன்பு செலுத்திய அதே மின்னோட்டம் சிறிய கலத்துக்கு மிகையாகிவிடக்கூடும். கொள்ளளவு சற்றுக் கூடிய கலத்தினால் இந்த ஆபத்து இல்லை. மின்னேற நேரம் மட்டும் கூடும். பழையதைக் கழற்றும்போது இரண்டு கம்பிகளையும் ஒரே வெட்டில் நறுக்கக் கூடாது என்பதையும் சொல்லியே ஆகவேண்டும். வெட்டும் குறடே இரண்டு முனைகளையும் இணைத்துவிடும்.

எனக்குத் தெரிந்த உயர்தர வகுப்பு மாணவர் ஒருவர் வாங்கி வந்த கலம், மேலுறை புத்தம் புதியதாக இருந்தபோதிலும், உள்ளே பாதுகாப்புப் பலகையே இல்லாமல் இருந்தது. சில வாரங்களில் அது உப்பி, கருவியின் திரையை வெளியே தள்ளியது. நல்லவேளையாக அதற்கு மேல் எதுவும் நடக்கவில்லை. கடைக்காரரிடம் திரும்பிச் சென்றபோது, தாம் எதை விற்றோம் என்பதற்கு எந்த எழுத்தும் இல்லாத நிலையில், அவரால் பதிலும் சொல்ல முடியவில்லை, மாணவரால் கேட்கவும் முடியவில்லை. பையில் வைத்துக்கொண்டு நெரிசலான பேருந்தில் செல்லும் ஒரு பொருளுக்குள் இருக்கும் லிதியம் கலத்தை, மேலுறையை மட்டும் நம்பி வாங்கவேண்டிய நிலை இருக்கக் கூடாது.

அடுத்து ஒலி. என்னிடம் அதிகமாகக் கேட்கப்படுவது இதைப் பற்றித்தான். "பாட்டில் அடித்தளம் இல்லை, தவிலும் மிருதங்கமும் தகரம் தட்டியது போலக் கேட்கின்றன" என்பார்கள். பல மலிவான கருவிகளில் இதற்குக் காரணம், ஒலியை உருவாக்கும் சில்லுக்கும் இயர்போன் துளைக்கும் இடையில் வைக்கப்படும் இரண்டு இணைப்புக் கொள்ளளவிகள், அதாவது கப்பாசிட்டர்கள், அளவில் சிறியனவாக இருப்பதே. நேர்மின்னோட்டத்தைத் தடுத்து, இசைக்குரிய ஆடலோட்டத்தை மட்டும் விடுவதற்காக அவை வைக்கப்படுகின்றன. ஆனால் கொள்ளளவியும் இயர்போனின் தடையும் சேர்ந்து தாழ்ந்த சுருதிகளையும் வெட்டிவிடுகின்றன. வெட்டு எங்கே தொடங்குகிறது என்பதை உயர்தரப் பௌதிகவியல் மாணவர் எவரும் கணித்துவிடலாம். 100 மைக்ரோபரட் (கொள்ளளவியின் அளவைச் சொல்லும் அலகு) கொள்ளளவியோடு 16 ஓம் இயர்போனைச் சேர்த்தால் ஏறத்தாழ 100 ஹேர்ட்ஸிலேயே ஒலி இறங்கத் தொடங்கிவிடுகிறது. பேஸ் கிற்றாரின் மிகத் தாழ்ந்த கம்பி ஒலிப்பது ஏறத்தாழ 41 ஹேர்ட்ஸில். அந்தச் சுருதி இயர்போனைச் சேரும்போது அதன் மின்னழுத்தம் பாதிக்கும் கீழே போய்விடுகிறது. அதே இடத்தில் 220 மைக்ரோபரட்டைப் போட்டால் எல்லை 45 ஹேர்ட்ஸுக்கும், 470 மைக்ரோபரட்டைப் போட்டால் 21 ஹேர்ட்ஸுக்கும் இறங்குகிறது. இயர்போன் 32 ஓமாக இருந்தால் இந்த எண்கள் ஒவ்வொன்றும் பாதியாகும்.

கருவியைத் திறப்பதற்கு முன்னரே இந்தக் குறை உண்டா என்று அறிய ஒரு வழி இருக்கிறது. அதே பாடலை, அதே கருவியிலிருந்து, வீட்டிலுள்ள ஒலிபெருக்கித் தொகுதியின் உள்ளீட்டில் செருகிக் கேட்க வேண்டும். அந்த உள்ளீட்டின் தடை வழக்கமாக ஆயிரக்கணக்கான ஓம்களாக இருப்பதால், சிறிய கொள்ளளவிகூட அங்கே தாழ்ந்த சுருதிகளை வெட்டுவதில்லை. அங்கே தவில் நிறைவாகக் கேட்டு, இயர்போனில் மட்டும் மெலிந்து கேட்டால், இரண்டு இடங்களில் ஒன்றில் தான் குறை: கொள்ளளவியில், அல்லது காதில் சரியாகப் பொருந்தாத இயர்போனின் ரப்பர் முனையில். ரப்பர் முனையை முதலில் மாற்றிப் பார்ப்பதே முறை. அதற்குச் செலவும் அதிகமில்லை. சில கருவிகளில் இந்தக் கொள்ளளவிகளே இல்லாத வேறு வகை அமைப்பும் உண்டு. அவற்றில் பெரிதாக்குவதற்கு எதுவும் இல்லை.

மாற்றுவதென்று முடிவு செய்தாலும், கடையில் "220" என்று மட்டும் கேட்டு வாங்குவது பயனற்றது. டன்டலம் கொள்ளளவியாயின் நேர்முனை எதுவென்று தெரிந்திருக்க வேண்டும். தலைகீழாக வைத்தால் அது கெட்டுவிடும், சிலவேளை எரிந்தும்விடும். பீங்கான் வகையாயின், அதன்மேல் நேர்மின்னழுத்தம் இருக்கும்போது உண்மையான கொள்ளளவம் பெயரளவிலிருந்து வெகுவாகக் குறையக்கூடும். உருவம் சிறுத்தால் இந்த இழப்பும் கூடுகிறது. எந்த வகை, எத்தனை வோல்ற், யாருடைய உற்பத்தி என்ற மூன்று விபரங்களும் இல்லாத கொள்ளளவியை, வாங்குபவர் எதை நம்பிப் பொருத்துவது?

இப்போது பலரும் ஆசைப்படும் பாகத்துக்கு வருகிறேன். செயற்பாட்டு விரியலாக்கி எனப் பாடசாலையில் படித்ததும், "ஒப்-அம்ப்" எனக் கடையில் கேட்கப்படுவதுமான மின் சைகையைப் பெருக்கித் தரும் அந்த எட்டுக் கால் சில்லை மாற்றினால் ஒலி அடியோடு மாறிவிடும் என்ற எண்ணம் இளைஞர்களிடையே வேரூன்றியிருக்கிறது. இதில் எனக்கு உடன்பாடில்லை. மலிவான கருவிகள் பலவற்றில் தனியான ஒப்-அம்ப் கிடையவே கிடையாது. இலக்கத்தை ஒலியாக்கும் பகுதியும் இயர்போனை இயக்கும் பகுதியும் ஒரே சில்லுக்குள் அடங்கியிருக்கும். 2005 இல் வெளிவந்த ஐந்தாம் தலைமுறை ஐபொட்டில்கூட வொல்ஃப்சன் டபிள்யூஎம்8758 என்ற ஒரே சில்லு இவ்விரு பணிகளையும் செய்தது. அக்கருவியின் ஒலியை இன்றும் விரும்பிக் கேட்போர் உண்டு. தனி ஒப்-அம்ப் உள்ள கருவிகளிலும், மாற்றுமுன் அதற்குக் கிடைக்கும் மின்னழுத்தத்தை அளக்க வேண்டும். என்இ5532 என்ற ஒப்-அம்புக்கு உற்பத்தியாளர் பரிந்துரைக்கும் மிகக் குறைந்த வழங்கல் கூட்டல் கழித்தல் 5 வோல்ற், அதாவது மொத்தம் 10 வோல்ற். ஓபிஏ2134 என்ற மற்றொன்று கூட்டல் கழித்தல் 2.5 வோல்ற்றிலேயே, அதாவது மொத்தம் 5 வோல்ற்றிலேயே இயங்கும். ஒற்றை லிதியம் கலம் தருவதோ நிறைந்திருக்கும்போது 4.2 வோல்ற், வற்றும்போது 3 வோல்ற்றை ஒட்டியது. கருவிக்குள் அதை உயர்த்தும் சுற்று இல்லையென்றால், புகழ்பெற்ற சில்லும் திணறவே செய்யும். வேகம் மிகுந்த சில்லுகளோ, அவற்றின் மின் வழங்கற் கால்களுக்கு மிக அருகில் 0.1 மைக்ரோபரட் கொள்ளளவி இல்லாதபோது, காதுக்கு எட்டாத அதிர்வெண்ணில் தாமாகவே அலைவுறத் தொடங்கிவிடும். பாட்டு ஒலிக்காதபோதும் கருவி சூடாவதும், பற்றரி விரைவாக வற்றுவதும் அதன் அறிகுறிகள்.

இவற்றையெல்லாம் சரியாகச் செய்தவரும் ஏமாறக்கூடிய இடம் ஒன்று உண்டு. மலிவான சில்லின் முகப்பைத் தேய்த்து, விலையுயர்ந்த சில்லின் பெயரைப் புதிதாகப் பொறித்து விற்பது உலகச் சந்தையில் நெடுங்காலமாக நடந்துவரும் மோசடி. எங்கள் கடைக்காரர்கள் தெரிந்தே அப்படிச் செய்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. இறக்குமதி செய்தவரிடமிருந்து அவர்களுக்கு வந்ததை அவர்கள் விற்கிறார்கள். வந்த இடத்தை எழுதித் தரும் வழக்கம் இருந்தால், அடுத்த முறை அவர்களே இறக்குமதியாளரிடம் கேள்வி கேட்பார்கள்.

மெமரி கார்ட்டுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 32 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட கார்ட்டுகள், கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் எக்ஸ்-ஃபாட் என்ற முறையில் அமைக்கப்பட்டே வருகின்றன. மலிவான கருவிகள் பல ஃபாட்32 என்ற வேறொரு முறையை மட்டுமே அறியும். கணினியில் ஃபாட்32 ஆக மாற்றி அமைத்தால், "இந்தக் கருவிக்குப் பெரிய கார்ட் ஒத்துவராது" என்று ஒதுக்கப்பட்டவற்றில் பலவும் வேலை செய்யத் தொடங்கிவிடும். உறையில் ஒரு கொள்ளளவு, உள்ளே வேறொரு கொள்ளளவு என விற்கப்படும் போலிக் கார்ட்டுகளைக் கண்டுபிடிக்க எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் போதும். இயர்போன் துளையின் காலடியில் ஈயப் பிடிப்பு விண்டு, ஒரு பக்கம் மட்டும் கேட்கும் பழுதுக்குப் பெரும்பாலும் புதிய பாகமே தேவையில்லை. பழைய பிடிப்பைச் சூடாக்கிப் புதிய ஈயம் சேர்த்தால் சரியாகிவிடும். ஈயம் கலந்த பற்றாசு (பாகங்களை ஒட்டவைக்கும் உலோகக் கலவை) 190 பாகை செல்சியஸுக்குள் உருகிவிடும் என்றாலும், இக்கால உற்பத்திகளில் உள்ள ஈயமற்ற பற்றாசுக்கு ஏறத்தாழ 217 பாகை தேவை. வெப்பத்தைக் கட்டுப்படுத்த முடியாத சூட்டுக்கோலை நீண்ட நேரம் அழுத்திப் பிடித்துப் பலகையின் செப்புத் தடத்தையே உரித்துவிட்டவர்களின் கருவிகள் என்னிடம் அடிக்கடி வருகின்றன.

ஆகவே இரண்டு கோரிக்கைகளை முன்வைக்கிறேன். முதலாவது, புறக்கோட்டையிலும் பம்பலப்பிட்டியிலும் மின்னணுப் பாகம் விற்கும் வர்த்தகர்களுக்கு. பற்றரியாயின் கொள்ளளவு, பாதுகாப்புப் பலகை உண்டா இல்லையா, புதியதா பழையதா என்பவற்றையும், கொள்ளளவியாயின் வகையையும் வோல்ற்றையும், சில்லாயின் முழு இலக்கத்தையும் பற்றுச்சீட்டில் எழுதிக் கொடுங்கள். தெரியாத விபரத்தைத் தெரியாது என்றே எழுதுங்கள். வாங்குவதா விடுவதா என்பதை வாங்குபவர் முடிவு செய்யட்டும். பொருளின் தரம் பற்றிப் பொய்யான கூற்றுடன் விற்பதை 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் தடை செய்கிறது. எனினும், எதைச் சொல்லி விற்றார்கள் என்பதற்கு எழுத்து இல்லாதபோது, வாங்கியவர் அந்தச் சட்டத்தின் துணையை நாடுவது கடினம். அதிகாரசபை இவ்விடயத்தில் வர்த்தகர்களுக்கு ஓர் அறிவுறுத்தலை வழங்குமாயின் பேருதவியாக இருக்கும். கையடக்கக் கருவிகளின் பற்றரியைப் பாவனையாளர் தாமே கழற்றி மாற்றக்கூடியவாறு வடிவமைக்க வேண்டும் என்ற ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023 ஆம் ஆண்டு ஒழுங்குவிதி 2027 பெப்ரவரி 18 முதல் அங்கே நடைமுறைக்கு வருகிறது. அத்தகைய கருவிகள் இங்கும் வந்து சேரும்போது, மாற்றுப் பற்றரிகளை விற்கும் கடைகள் இப்போதைய நிலையிலேயே இருக்கக் கூடாது.

இரண்டாவது, மருதானைத் தொழில்நுட்பக் கல்லூரி போன்ற நிறுவனங்களுக்கு. கருவியைத் திறப்பது, மின்னழுத்தம் அளப்பது, சிறு பாகங்களுக்கு ஈயம் பிடிப்பது, உப்பிய கலத்தைப் பாதுகாப்பாக அகற்றுவது ஆகியவற்றை மட்டும் கற்பிக்கும் வார இறுதிக் குறுங்கால வகுப்பொன்றைத் தமிழிலும் நடத்துமாறு கேட்டுக்கொள்கிறேன். உயர்தரத்தில் பௌதிகவியல் படித்த மாணவர்களுக்குக் கொள்கை ஏற்கனவே தெரியும். சூட்டுக்கோலைக் கையில் கொடுத்து, அருகில் நின்று சொல்லித்தர ஒருவர் இருந்தால் போதும். கழற்றப்பட்ட பழைய லிதியம் கலங்களை வீட்டுக் குப்பையோடு போடாமல் ஒப்படைப்பதற்கு, அந்த வகுப்பு நடக்கும் இடத்திலேயே ஒரு பெட்டியை வைக்க மத்திய சுற்றாடல் அதிகாரசபை ஒத்துழைத்தால் மேலும் நன்று. அத்தகைய வகுப்பு தொடங்கப்பட்டால், வார இறுதிகளில் ஊதியமின்றி வந்து உதவ நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இவ்வண்ணம்,
வாசகர் ஒருவர்,
வெள்ளவத்தை,
கொழும்பு 06.