எந்தக் காகம் என்று சொன்னால் சிரிப்பாய்

அன்புள்ள மாப்ளே,

ஸ்தோத்திரம். இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முட்டிவலி குறையவில்லை, வாயும் குறையவில்லை. உன் பேரன் படம் பார்த்தோம். மூக்கு உன்னுடையதுதான், பாவம் பிள்ளை.

விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு வேலை போய்விட்டது. போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ உடனே பிரசங்கம் ஆரம்பித்துவிடுவாய், நடுவில் புகுந்து ஒரு வார்த்தை பேச முடியாது. கடிதம் என்றால் கடைசிவரை நான்தான் பேசுவேன். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் கூப்பிட்டு, பிரிவையே மூடுகிறோம் என்று சொல்லி ஒரு கவரைக் கையில் கொடுத்தார்கள். கொடுத்தவனுக்கு என் பெயரைக்கூடச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. கோபம் இன்னும் அடங்கவில்லை. தயவுசெய்து மன்னிப்பைப் பற்றி வசனம் அனுப்பாதே.

முதல் சில வாரங்கள் நான் பெரிய விசுவாச வீரன். ‘கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்’ என்று காலையில் வீடே கேட்கும்படி சொல்வேன். கையிருப்பு இருக்கும்வரை அந்தச் சங்கீதம் எவ்வளவு சுலபமாக வாயில் வருகிறது தெரியுமா! அப்புறம் ஒருநாள் உன் தங்கச்சியின் வரவுசெலவு நோட்டைப் புரட்டினேன். எப்போதும் பேனாவில்தான் எழுதுவாள். அந்த மாதம் வரவு என்ற இடத்தில் மட்டும் பென்சிலால் சின்னதாக ஒரு கோடு. ஏன் பென்சில் என்று கேட்டேன். ‘வந்தால் அழிச்சிட்டு எழுதணும்ல’ என்றாள். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.

சின்னவளுக்குக் காலேஜ் பீஸ் கட்டவேண்டிய நாள் நெருங்கியது. சபையில் நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஜெபக்குறிப்பாகக்கூடக் கொடுக்கவில்லை. ஜெபக்குறிப்பு நம்ம ஆட்களிடம் என்ன வேகத்தில் போகும் என்று உனக்குத் தெரியாததா? கடைசி தேதிக்கு முந்தின நாள் போய்க் கேட்டால், பீஸ் கட்டியாகிவிட்டது என்கிறார்கள். சலான் நகலை அவள் வாங்கிவந்தாள். பணம் கட்டியவர் என்ற இடத்தில் அவள் பெயரே எழுதியிருந்தது. ஆனால் எழுத்து அவளுடையது இல்லை. இடப்பக்கம் சாய்ந்த, எறும்பு ஊர்ந்தமாதிரி எழுத்து. ஏழு வருகிற இடத்தில் எல்லாம் குறுக்கே ஒரு கோடு.

ஆமாம், நம்ம பழைய கஞ்சன் ரப்பர்பேண்ட்தான்.

சிரித்து முடித்துவிட்டு மேலே படி. வந்த கவரைப் பிரித்துத் திருப்பி ஒட்டி அனுப்புகிறவன், நாம் இரண்டு பேரும் சேர்ந்து பாட்டே கட்டிய அதே ஆள். என் தங்கை கல்யாணத்துக்கு அப்புறம் நானும் அவனும் முகம் கொடுத்துப் பேசியதில்லை, அதுவும் உனக்குத் தெரியும். எனக்கு முதலில் நன்றி வரவில்லை மாப்ளே, எரிச்சல்தான் வந்தது. ஆண்டவரே, உம்மிடம் வேறு ஆளே இல்லையா என்று கேட்டேன்.

அன்றிலிருந்து வேதத்தில் ஒன்று ராஜாக்கள் 17-ஐ விட முடியவில்லை. கேரீத் ஆற்றங்கரையில் தீர்க்கதரிசி எலியாவுக்குக் காலையும் மாலையும் அப்பமும் இறைச்சியும் கொண்டுவந்தவை காகங்கள். சண்டே கிளாஸில் படம் வரைந்து கலர் அடித்தோம், அதோடு விட்டுவிட்டோம். லேவியராகமம் 11-ஐ எடுத்துப் பார். அருவருப்பான பறவைகள் பட்டியலில் ‘சகலவித காகங்களும்’ இருக்கின்றன. தீர்க்கதரிசி சாப்பிடக்கூடாத பறவையின் வாயிலிருந்து சாப்பாடு! அந்த ஆறு வற்றியதே, அதுவும் அவர் ராஜா ஆகாபிடம் போய் மழை பெய்யாது என்று சொன்னதால்தான். கீழ்ப்படிந்தவர் உட்கார்ந்திருந்த ஆறே வற்றியது. யாரும் இதை வாக்குத்தத்த அட்டையில் அச்சடிப்பதில்லை.

அடுத்து எங்கே அனுப்புகிறார்? சீதோனைச் சேர்ந்த சாறிபாத்துக்கு. எலியாவைக் கொல்லத் தேடிய ஆகாபின் மனைவி யேசபேல் பிறந்த தேசம். அங்கே இருப்பது ஒரு பிடி மாவும் கொஞ்சம் எண்ணெயும் வைத்துக்கொண்டு, இரண்டு விறகு பொறுக்கி, மகனோடு கடைசியாகச் சாப்பிட்டுச் சாகப்போகிற விதவை. அவளிடம் கையேந்தச் சொல்கிறார். மாப்ளே, கர்த்தர் தருவார் என்று நம்புவது எனக்குக் கஷ்டமாக இல்லை. எந்தக் கையால் தருவார் என்பதைத்தான் நான் தீர்மானிக்கப் பார்க்கிறேன். நாசரேத்து ஜெபஆலயத்தில் இயேசு இந்த விதவையைப் பற்றிச் சொன்னதும் என்ன நடந்தது? இஸ்ரவேலில் எத்தனையோ விதவைகள் இருந்தும் அந்நிய தேசத்துக்காரியிடம் எலியா அனுப்பப்பட்டார் என்றார். அதுவரை தலையாட்டிக்கொண்டிருந்த சொந்த ஊர்க்காரர்கள், எலிசா காலத்தில் குஷ்டம் நீங்கிய சீரியன் நாகமானையும் சேர்த்துக் கேட்டதும், அவரை மலைச் சிகரம்வரை தள்ளிக்கொண்டு போனார்கள். முன்பெல்லாம் அவர்கள் கோபம் எனக்குப் புரிந்ததில்லை. இப்போது நன்றாகவே புரிகிறது.

நீ எனக்கு எப்போதும் அனுப்புகிற பிலிப்பியர் 4:19 இருக்கிறதே, ‘உங்கள் குறைவையெல்லாம்’ நிறைவாக்குவார் என்று, அதற்கு முந்தின வசனத்தைப் பார்த்தாயா? எப்பாப்பிரோதீத்து கையில் நீங்கள் அனுப்பினது கிடைத்தது என்கிறார் பவுல். சிறையில் இருக்கிறவர், கொடுத்தவர்களுக்கு எழுதிய நன்றிக் கடிதம் அது. நாம் கொண்டுவந்தவன் பெயரை வெட்டிவிட்டு வாக்குத்தத்தத்தை மட்டும் பிரேம் போட்டுவிட்டோம். உன் ஆள் ஜார்ஜ் முல்லரையே எடுத்துக்கொள். 1836-இல் பிரிஸ்டலில் அனாதைப் பிள்ளைகளுக்கு வீடு திறந்து, 1898-இல் சாகும்வரை 10,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளை வளர்த்தார், மனுஷனிடம் கேட்காமல் ஜெபத்திலேயே என்று நீ மேடையில் முழங்குவாய். சரி, உண்மைதான். ஆனால் சிறுவயதில் அப்பாவின் பணத்தையே திருடியவர் அவர். அந்தக் கையில்தான் ஆண்டவர் அத்தனை காணிக்கையையும் கொடுத்தார். அவரும் வந்த சின்னத் தொகைகளைக்கூடக் கணக்கெழுதி வைத்தார். நம்ம ரப்பர்பேண்ட் அவரிடம் வேலைக்குச் சேர்ந்திருக்கலாம்.

இப்போது ஒரு யோசனை கேட்கிறேன். பாஸ்டருக்கு எப்படியோ தெரிந்து, ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொல்லச் சொல்கிறார். மூன்றாம் வரிசையில் ஓரமாக உட்காருவாரே அக்கா, அவர் முகம்தான் கண்ணில் நிற்கிறது. என்னைவிட நூறு மடங்கு விசுவாசத்தோடு ஜெபித்தவர். ஆனாலும் அத்தான் போய்விட்டார். அடக்க ஆராதனை முடிந்த அடுத்த ஞாயிறே பாட வந்து நின்றார். ‘நல்லவர்னு தெரியும் தம்பி, ஏன்னுதான் தெரியல’ என்று என்னிடம் சொன்னார். அவருக்கு முன்னால் மைக்கைப் பிடித்து ‘நம்பினேன், கிடைத்தது’ என்றால் அது என்ன சாட்சி? ஆபகூக் தீர்க்கதரிசி புஸ்தகத்தின் கடைசி அதிகாரத்தில் அத்திமரம் துளிர்க்கவே இல்லை. தொழுவம் காலியாகவே இருக்கிறது. ‘நான் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன்’ என்கிறான், புஸ்தகம் முடிந்துவிடுகிறது. சொன்னால் அதைத்தான் சொல்லவேண்டும். எனக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை, அடுத்த மாதத்துக்கும் நோட்டில் பென்சில் கோடுதான், ஆனாலும் அவர் நல்லவர் என்று. பாஸ்டருக்கு இது போதுமா என்று தெரியவில்லை. நீ என்ன நினைக்கிறாய், எழுது. வசனமாக இல்லாமல் வாக்கியமாக எழுது.

ரப்பர்பேண்டுக்குப் போன் பண்ணினேன். குரல் கேட்டதும் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. ரொம்ப நேரம் இருவரும் பேசவில்லை. ‘பீஸை வேலை கிடைச்சதும் மெதுவாக் குடு, இல்லாட்டி விடு’ என்றான். சரி என்றேன். ‘ஆனா அந்த டூர் கணக்கு இன்னும் முடியல’ என்றான். நோட்டு இன்னும் வைத்திருக்கிறானாம் மாப்ளே! உன் பங்கு பாக்கி தனிப் பக்கத்தில் இருக்கிறதாம். சீக்கிரம் அனுப்பிவிடு, வட்டி போடமாட்டான் என்று எனக்கு உறுதியில்லை.

உன்
பழைய ரூம்மேட்