செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தைத் தியாகம் செய்து வந்திருக்கும் உறுப்பினர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

புரசைவாக்கத்தில் இயங்கும் நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் ஓராண்டு வேலையை உங்கள் முன் வைக்கிறேன். போன வருஷம் நான் வாசித்த அறிக்கை நீளம் என்று சிலர் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். சரி, இந்த முறை மழைநீர், கொசு, தெருநாய் மூன்றையும் ஒரே பத்தியில் முடித்துவிடுகிறேன். மிச்சமாகும் நேரத்தை, அந்தக் காலத்தில் நம் பேட்டையில் ஸ்டூடியோ போட்டுப் படம் எடுத்த நடராஜ முதலியாருக்குக் கொடுங்கள்.

செயற்குழு மாதந்தோறும் கூடியது. மழைநீர் வடிகால் தூர்வாருவது பற்றி மூன்று மனு கொடுத்தோம். மூன்றுக்கும் ரசீது கிடைத்தது, வடிகால் பாதிதான் கிடைத்தது. நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலின் மழையில் முதல் குறுக்குத் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். இளைஞர் அணி அன்று இரவு இரண்டு முதியவர்களை நாற்காலியோடு தூக்கி மேல்தளத்துக்குக் கொண்டுபோனது, அவர்களுக்கு நன்றி. கொசுப் புகை இரண்டு முறை அடித்தார்கள். நாய்கள் நலம். பொங்கல் கோலப் போட்டியில் நடுவர் தீர்ப்பு பற்றி வந்த புகாரைச் செயற்குழு படித்து, மடித்து, கோப்பில் வைத்தது. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார்.

இனி முதலியார்.

ஜூலை மாதம், சந்தா வாங்கப் போன இடத்தில், ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் கேட்டாள்: “அங்கிள், தமிழோட முதல் சினிமாவை நம்ம மில்லர்ஸ் ரோட்டுலதான் எடுத்தாங்களாமே, நிஜமா?” நாற்பது வருஷமாக இந்தப் பக்கம் குடியிருக்கிறேன். முப்பது வருஷம் வடபழனியில் ஒரு பிலிம் லேபில் வேலை பார்த்தவன். கேள்விப்பட்டதுண்டு, ஆனால் விவரமாகச் சொல்ல வாய் வரவில்லை. அந்த வெட்கத்தில்தான் இந்த வருஷ வேலையே தொடங்கியது.

நிஜம்தான். ஆர்.நடராஜ முதலியார், வேலூர்க்காரர், 1885இல் பிறந்தவர். முதலில் சைக்கிள் வியாபாரம், அப்புறம் ரோமர் டான் கம்பெனி என்ற பெயரில் மோட்டார் கார், உதிரிபாக வியாபாரம். தாதாசாகேப் பால்கே எடுத்த படங்களைப் பார்த்து அவருக்கு ஆசை வந்துவிட்டது. ஆசை வந்தவர் ஒரு கேமராமேனைத் தேடிப்போய்ச் சம்பளம் பேசியிருக்கலாம். இவரோ புனேவில் இருந்த ஸ்டீவர்ட் ஸ்மித் என்ற ஆங்கிலேய ஒளிப்பதிவாளரிடம் போய், கேமராவைப் பிடிக்கத் தானே கற்றுக்கொண்டார். தஞ்சாவூர்ப் பக்கம் மூப்பனார் ஒருவரிடமிருந்து வில்லியம்சன் 35 எம்எம் கேமராவும் பிரிண்டரும் வாங்கினார். கூட்டாளிகளைச் சேர்த்து இந்தியா பிலிம் கம்பெனியைத் தொடங்கி, மில்லர்ஸ் ரோட்டில் ஸ்டூடியோ போட்டார். கதைக்கு யோசனை சொன்னவர் நண்பர், நாடக ஆசிரியர் பம்மல் சம்பந்த முதலியார். அப்படி வந்ததுதான் ‘கீசக வதம்’. முதல் படத்துக்குப் போய் இப்படியொரு கதையா என்று சொந்தக்காரர்களே முகம் சுளித்தார்களாம், இவர் கேட்கவில்லை. தென்னிந்தியாவில் எடுத்த முதல் கதைப்படம் அது. தயாரிப்பு, இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, நான்கும் அவரே.

ஆகஸ்ட் 22 மெட்ராஸ் தினத்தை ஒட்டி, நம் நூலக அறையில் ஒரு சின்னக் கண்காட்சியும், மொட்டை மாடியில் ஒரு செய்முறைக் காட்சியும் வைத்தோம். கண்காட்சிக்கு முன்னாலேயே பேனரில் சண்டை. படம் வந்த வருஷம் 1916 என்று ஒரு புத்தகம், 1917 என்று இன்னொன்று, 1918 என்று மற்றொன்று. மூன்றுக்கும் நம் சங்கத்தில் ஆதரவாளர்கள் உண்டு. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வாட்ஸ்அப் குழுவிலிருந்தே விலகிவிட்டார். கடைசியில் வருஷத்தின் மேல் வெள்ளைத்தாள் ஒட்டித் திறந்தோம். அவர் கண்காட்சிக்கு வந்தார், தாளைத் தூக்கிப் பார்த்தார், சிரித்தார், மறுநாள் குழுவிலும் சேர்ந்தார்.

மாடி நிகழ்ச்சிக்கு இரண்டே பொருள்: ஒரு கைத்தையல் மெஷின், ஒரு எட்டு முழ வேட்டி.

மெஷின் எதற்கு என்றால், முதலியாரின் கேமராவுக்கு மோட்டார் கிடையாது. கைப்பிடியைச் சுற்ற வேண்டும். ஒரு சுற்றுக்கு 8 ஃபிரேம், அதாவது பிலிமில் 8 தனித்தனிப் படம், நகரும். அந்தக் காலத்து வேகம் நொடிக்கு 16 ஃபிரேம், ஆக நொடிக்கு இரண்டு சுற்று. 35 எம்எம் பிலிமில் ஓர் அடிக்கு 16 ஃபிரேம். நொடிக்கு ஓர் அடி பிலிம் என்று கணக்கு என்ன அழகாக உட்கார்ந்திருக்கிறது பாருங்கள். ‘கீசக வதம்’ 6,000 அடி. அதாவது 100 நிமிஷம். வெட்டி எறிந்ததைச் சேர்க்காமலே, அந்த மனுஷர் கை 12,000 சுற்று சுற்றியிருக்கிறது.

இரண்டாம் தெரு மாமி வீட்டு மெஷினின் கைப்பிடியைப் பிள்ளைகளிடம் கொடுத்து, ஒரு நிமிஷம், நொடிக்கு இரண்டு சுற்று, கூடாமல் குறையாமல் சுற்றச் சொன்னேன். கூடவே நான் கதை சொன்னேன். விராடன் அரண்மனை, இருட்டு, திரௌபதி என்று நினைத்துக் கீசகன் கட்டிலருகே வருகிறான், போர்வைக்குள் பீமன் என்றதும் பையன்கள் கை தானாக வேகமெடுத்தது. அங்கேதான் வம்பு. எடுக்கும்போது கை முந்தினால் திரையில் கீசகன் தூங்கி வழிவான். கை தளர்ந்தால் பீமன் குடுகுடுவென்று ஓடுவான். போதாததற்கு வெளிச்சமும் மாறும்: வேகமாகச் சுற்றினால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கிடைக்கும் வெளிச்சம் குறைந்து, அந்தத் துண்டு மட்டும் கறுத்துவிடும். எதிரே கொலையே நடந்தாலும் சுற்றுகிறவன் கை அசரக்கூடாது. ஆறு பிள்ளைகள், இரண்டு அப்பாக்கள் தோற்றார்கள். கடைசியில் மாமியே வந்து உட்கார்ந்து, பேச்சை நிறுத்தாமலே, 118 சுற்று சுற்றினார். “பாவாடைக்கு ஓரம் அடிக்கிறதுதானே, இதுல என்ன இருக்கு?” என்றார்.

கை இப்படிக் கைப்பிடியிலேயே மாட்டிக்கொண்டால் நடிகர்களை யார் பார்ப்பது? அதற்குத்தான் வக்கீல் ரங்கவடிவேலு. சுகுண விலாச சபை என்ற நாடகக் குழுவில் பெண் வேஷத்துக்குப் பேர் போனவர். கதையை எழுத உதவியதோடு, நடிகர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதையும் அவர் பார்த்துக்கொண்டார். கீசகனாக ராஜா முதலியார், திரௌபதியாக ஜீவரத்தினம், இரண்டு பேரும் நாடக மேடையிலிருந்து வந்தவர்கள். மேடைக்காரர்கள் கடைசி வரிசைக்குத் தெரியக் கையை வீசுவார்கள். கேமராவோ பக்கத்திலேயே நிற்கிறது. அதைச் சொல்லி அடக்க மேடை தெரிந்த ஆள்தான் வேண்டும்.

வேட்டி அடுத்தது. மின்விளக்கு வைத்து எடுக்கும் வசதி அந்த ஸ்டூடியோவில் இல்லை. கூரைக்குப் பதில் மெல்லிய வெள்ளைத்துணி, அதன் வழியாக வடிகட்டி இறங்கும் வெயில், அவ்வளவுதான் லைட்டிங். பகல் பன்னிரண்டு மணிக்கு மாடியில் ஒரு பையனை நிற்க வைத்தோம். கண் இருக்கிற இடத்தில் இரண்டு கறுப்புக் குழி, மூக்குக்குக் கீழே மீசை மாதிரி ஒரு நிழல். நான்கு பேர் வேட்டியை விரித்துத் தலைக்கு மேல் பிடித்தார்கள். குழி இரண்டும் மறைந்து கண் தெரிந்தது. கூட்டத்தில் ‘அட’ என்று ஒரு சத்தம். எனக்கு இந்த வருஷத்துச் சம்பளம் அந்தச் சத்தம்தான். அப்புறம் காற்று அடித்தது, வேட்டி பாய்மரமாகி ஒரு மூலை கிழிந்தது. மில்லர்ஸ் ரோட்டுத் துணியும் காற்றில் ஆடாமலா இருந்திருக்கும்?

இன்னொன்றும் செய்து பார்த்தோம். அந்தக் காலத்துப் பிலிமுக்குச் சிவப்பு தெரியாது. நீலப்பச்சை ஜெலட்டின் தாளை போன் கேமராவின் முன் பிடித்து, கறுப்பு வெள்ளையில் படம் எடுத்தால் கிட்டத்தட்ட அந்தப் பார்வை வரும். குங்குமப் பொட்டு மைப்பொட்டாகியது, உதடு கறுத்தது, நீல வானம் வெறும் சுண்ணாம்புச் சுவராகியது. சிவப்புப் புடவையில் வந்த ஓர் அக்கா தன் படத்தைப் பார்த்துவிட்டு, “என்னங்க, எழவு வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கேன்” என்றார். புடவை, நகை, சாயம், அரிதாரம் ஒவ்வொன்றும் பிலிமில் என்ன நிறமாக விழும் என்று மனசுக்குள்ளேயே மொழிபெயர்த்துப் பார்ப்பது கேமராமேன் வேலை.

ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தது இதெல்லாம் இல்லை, பெங்களூர்தான். சென்னையில் அப்போது பிலிம் கழுவ லேப் கிடையாது. இந்த ஊர்ச் சூடு ஆகாது என்று முதலியார் பெங்களூரில் ஒரு லேப் வைத்தார். வாரம் முழுக்க இங்கே படப்பிடிப்பு. வாரக்கடைசியில் அங்கே போய் நெகட்டிவைக் கழுவிவிட்டு, திங்கட்கிழமை காலை திரும்பி வந்து மறுபடி கைப்பிடி. சூடு ஏன் ஆகாது என்று எனக்குச் சொந்த அனுபவமே உண்டு. பிலிமின் மேல் பூசியிருப்பது ஜெலட்டின், மாட்டெலும்பிலும் தோலிலும் காய்ச்சி எடுக்கும் பசை. தண்ணீர் சூடானால் ஊறிக் கொழகொழவென்றாகிவிடும். எழுபதுகளில், நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு கத்திரி வெயில் நாளில் எங்கள் லேபில் குளிரூட்டும் இயந்திரம் நின்றுவிட்டது. யாரும் கவனிக்கவில்லை; கவனித்திருக்க வேண்டியவன் நான். தொட்டியிலிருந்து பிலிமைத் தூக்கினால், காய்ச்சிய பாலில் ஆடை சுருங்குமே, அதே மாதிரி விளிம்பிலிருந்து படம் சுருங்கிக் கழன்று என் விரலில் ஒட்டிக்கொண்டது. ஒரு கல்யாணக் காட்சி. தாலி கட்டும் கை என் கட்டைவிரலில் இருந்தது. அந்தக் கட்டைவிரலை இன்றும் அவ்வப்போது பார்த்துக்கொள்வேன்.

எங்களுக்காவது சாயங்காலம் தவறு தெரிந்தது, மறுநாள் திரும்ப எடுத்தார்கள். முதலியாருக்குத் திங்கட்கிழமை எடுத்தது சரியா தப்பா என்று தெரியச் சனிக்கிழமை வரவேண்டும். அதுவரை லென்ஸ் திறப்பையும் வெயிலையும் தன் கண்ணையும் நம்பி அடுத்தடுத்த நாள் காட்சியை எடுத்துக்கொண்டே போகவேண்டும். பிலிமோ லண்டனிலிருந்து கோடாக் கம்பெனியின் பம்பாய்க் கிளையில் இருந்த கார்ப்பென்டர் என்ற ஆங்கிலேயர் வழியாக வரவழைத்தது. கிட்டத்தட்ட ஐந்து வாரத்தில், 35,000 ரூபாய் செலவில் படத்தை முடித்தார். மவுண்ட் ரோடு எல்பின்ஸ்டன் தியேட்டரில் வெளியாகி, பர்மா, சிலோன், சிங்கப்பூர் வரை போய் 50,000 ரூபாய் வசூலித்தது. காட்சிகளுக்கு நடுவே வரும் எழுத்து அட்டைகள் ஆங்கிலம், தமிழ், இந்தி மூன்றிலும் இருந்தன. இந்தியை எழுதிக்கொடுத்தவர் காந்தியின் மகன் தேவதாஸ். மொழிப் பிரச்சினைக்கு ஊமைப்படம்தான் சரியான தீர்வு என்று நம் தலைவர் அன்று ஒரு ஜோக் அடித்தார், குறிப்பேட்டில் பதிவு செய்திருக்கிறேன்.

அடுத்து ‘திரௌபதி வஸ்திராபஹரணம்’, ‘லவ குசா’, ‘ருக்மிணி சத்யபாமா’, ‘மயில் ராவணன்’ என்று போனது. 1923இல் ஸ்டூடியோ தீ விபத்து, மகனின் மரணம். அத்தோடு படத்தொழிலை விட்டுவிட்டார். 1971 வரை வாழ்ந்தார். பேசும் படம் வந்ததையும், கலர் வந்ததையும், கோடம்பாக்கம் ஸ்டூடியோக்களையும் பார்த்திருப்பார். ‘கீசக வத’த்தில் ஓர் அடி பிலிம்கூட இன்று மிஞ்சவில்லை.

பழைய தியேட்டர்களைப் பார்க்க டிசம்பர் 1 அன்று போவதாக இருந்த மவுண்ட் ரோடு நடை, புயலால் ஜனவரிக்குத் தள்ளிப்போனது. இருபத்திரண்டு பேர் வந்தார்கள். மவுண்ட் ரோடுதான் இன்றைய அண்ணா சாலை; அங்கே தபால் நிலைய வளாகத்தில் 1913இல் வார்விக் மேஜர் கட்டிய எலெக்ட்ரிக் தியேட்டர் இன்னும் நிற்கிறது, உள்ளே தபால்தலை விற்கிறார்கள். ரகுபதி வெங்கையா 1914இல் கட்டிய கெயிட்டி இல்லை, எல்பின்ஸ்டன் இல்லை. இல்லாத தியேட்டர்களைக் காட்டத்தான் கூட்டிவந்தீர்களா என்று ஒரு சிறுவன் கேட்டான். ரத்னா கபேயில் சாம்பார் இட்லி வாங்கிக்கொடுத்துச் சமாளித்தோம். அந்த ரசீது பொருளாளரிடம் இருக்கிறது.

இன்றைய கூட்டத்தின் நான்காவது தீர்மானம் இது சம்பந்தமானது. நம் நூலக அறையின் வெளிச்சுவரில் முதலியார் பெயரில் ஒரு சின்னக் கல்வெட்டு வைப்பதென்று செயற்குழு முடிவு செய்தது. வாசகத்தில்தான் இழுபறி. ‘தமிழ் சினிமாவின் தந்தை’ என்று போட்டால் போதும் என்று பலர் சொல்கிறார்கள். போடட்டும், எனக்கு ஆட்சேபமில்லை. ஆனால் தந்தை என்றதும் மாலை போட்ட படம் ஒன்று கண்ணில் வருகிறதே தவிர, வெயிலில் துணிக்கடியில் நின்று நொடிக்கு இரண்டு சுற்று எண்ணிக்கொண்டிருந்த ஆள் வருவதில்லை. அதனால் முதல் வரியில் ‘ஒளிப்பதிவாளர்’ என்ற சொல் இருக்க வேண்டும் என்று திருத்தம் கொடுத்திருக்கிறேன். வருஷத்தைப் போடவேண்டாம் என்பதில் மட்டும் மூன்று கட்சிகளும் ஒன்றுபட்டிருக்கின்றன.

கடைசியாக ஓர் அறிவிப்பு. மாடி நிகழ்ச்சிக்குக் கொடுத்த எட்டு முழ வேட்டியை மாமி தன் மெஷினிலேயே ஓரம் அடித்துக் கொடுத்துவிட்டார். துவைத்து, நீலம் போட்டு, அலுவலக அலமாரியில் இருக்கிறது. உரியவர் இன்னும் வாங்கிக்கொள்ளவில்லை.

இப்படிக்கு,
செயலாளர்