சாம்பலாற்றுக்குப் புறப்படும் முன்

சிவமயம்

காரைக்குடி,
மார்கழி.

அன்பு மகளுக்கு ஆத்தா எழுதுவது.

இங்கே அனைவரும் நலம். உன் நலம் அறிய ஆவல். அடுத்த சனிக்கிழமை போடிப் பக்கத்துக் குரங்கணிக்கு மேலே சாம்பலாற்றுப் பக்கம் அருவி பார்க்கப் போவதாகவும், அன்று சிக்னல் இருக்காது என்றும் குடும்பக் குழுவில் நீ போட்டிருந்த வரியைத் தம்பி எனக்குப் படித்துக் காட்டினான். நெடுநாளைக்குப் பிறகு உன்னிடமிருந்து வந்த செய்தி என்பதால் போனை வாங்கி நானும் திரும்பத் திரும்பப் படித்தேன். எத்தனை பேர் போகிறீர்கள் என்று அதில் இல்லை.

போகாதே என்று நான் சொல்லப்போவதில்லை. தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்குக் காவடியோடு நடக்கிற வீட்டில் பிறந்தவள் நீ. நத்தம் தாண்டியதும் பெரியவர்களே காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்ட அந்த வருடம், சிறு பெண்ணாக இருந்த நீ ஆயாவின் பையையும் சேர்த்துத் தோளில் போட்டுக்கொண்டு நடந்ததை அம்மான் இன்றும் வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். உன் கால்களைப் பற்றி எனக்குக் கவலையில்லை. ஆனால் பழனிப் பாதை ஊர்களின் நடுவே போகிற பாதை. முன்னும் பின்னும் ஆள் இருக்கும், களைத்தால் கூப்பிட்டு மோர் கொடுப்பார்கள், இரவு தங்குமிடத்தில் தலை எண்ணிப் பார்க்காமல் யாரும் சாப்பிட உட்கார மாட்டார்கள். காட்டுக்குள் அந்த எண்ணிக்கையை நீங்களேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சென்னையிலிருந்து வெள்ளிக்கிழமை இரவு போடி ரயிலில் ஏறிவிடலாம் என்று நினைத்திருந்தால் அதை மாற்றிக்கொள். 2023 ஜூனில் விட்ட அந்த வண்டி காலை ஒன்பது மணிக்கு மேல்தான் போடிக்கு வந்து சேரும். அங்கிருந்து குரங்கணிக்கு ஏறக்குறைய 15 கிலோமீட்டர். குளித்து, சாப்பிட்டு, வண்டி பிடித்து நீங்கள் நடக்கத் தொடங்கும்போது உச்சி வெயில் வந்துவிடும். முதல் நாளே வந்து போடியிலோ தேனியிலோ தங்கி, விடிந்ததும் கிளம்புவதுதான் முறை. குரங்கணி மலையின் கிழக்கு அடிவாரத்தில் இருப்பதால் பிற்பகலிலேயே சூரியன் மேற்கு முகட்டுக்குப் பின்னால் போய்விடும். நம் வீட்டு வளவு முற்றத்தில் வெயில் விழுந்துகொண்டிருக்கும் நேரத்தில் அங்கே பள்ளத்தில் இருட்டத் தொடங்கியிருக்கும். ஆகவே திரும்பும் நேரத்தைக் கிளம்பும்போதே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். ஒரு மணி என்று வைத்தால், அருவியின் சத்தம் காதில் விழுகிற தூரத்தில் நின்றாலும் ஒரு மணிக்குத் திரும்பிவிட வேண்டும். நீ எடுத்த காரியத்தைப் பாதியில் விடாதவள் என்பது எனக்குப் பெருமைதான். அந்தக் குணம்தான் இந்த இடத்தில் எனக்குப் பயமாகவும் இருக்கிறது.

அனுமதியில்லாமல் மட்டும் காட்டுக்குள் காலெடுத்து வைக்காதே. 2024 அக்டோபரில் ட்ரெக் தமிழ்நாடு என்ற பதிவுத் தளத்தைத் தொடங்கியபோது அரசு அறிவித்த 40 மலையேற்றத் தடங்களில் குரங்கணி–சாம்பலாறும் ஒன்று என்று தம்பி பார்த்துச் சொன்னான். அதில் பதிவு செய்தால் மலையை அறிந்த உள்ளூர்ப் பிள்ளைகள் வழிகாட்டியாக வருவார்கள். அவர்கள் இந்தப் பக்கம் வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்டு நிற்காமல் திரும்பு. 2018 மார்ச் 11 அன்று அதே குரங்கணி மலையில் காய்ந்த புல்லில் தீப் பிடித்து, சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பக்கமிருந்தும் மலையேற வந்தவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். அன்று நீ விடுதியில் பத்திரமாக இருக்கிறாய் என்று தெரிந்தும் தகப்பன் மனம் கேட்காமல் அப்பச்சி விடாமல் உனக்குப் போன் போட்டது உனக்கு மறந்திருக்காது. சரிவில் தீ மேல்நோக்கித்தான் வேகமாக ஓடும். உயரத்துக்கு ஓடித் தப்ப முடியாது. இப்போது மழை முடிந்து புல் பசுமையாக இருக்கும் என்பதால் தீயை நினைத்து நான் அதிகம் பயப்படவில்லை.

தண்ணீரை நினைத்துத்தான் பயம். நீங்கள் நிற்கிற இடத்தில் வானம் வெளுத்திருக்கும், மேலே முகட்டில் மழை கொட்டியிருக்கும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் அப்படித்தான் திடீரென்று வெள்ளம் இறங்கி, பதினேழு வயதுப் பையனை அடித்துக்கொண்டு போனது. அங்கே படிக்கட்டும் கூட்டமும் இருந்தே அந்தக் கதி. தெளிந்த தண்ணீர் கலங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, இரைச்சல் மாறினாலோ, பையைக்கூட எடுக்காமல் கரையின் மேட்டில் ஏறிவிடு. ஓடையை ஒட்டிக் கீழே ஓடாதே. அருவிக்கு நேர் கீழே நிற்காதே, தண்ணீரோடு கல்லும் விழும். பாசி படிந்த பாறையில் போட்டோவுக்காக ஏற வேண்டாம். ஆழம் தெரியாத தண்ணீர்க் கிடங்கில் யார் கூப்பிட்டாலும் இறங்காதே. யார் கூப்பிட்டாலும்.

இந்தக் கடிதத்தோடு வரும் பார்சலில் சீப்புச் சீடையும் மாவுருண்டையும் இருக்கின்றன. அவற்றுக்கு அடியில் பழைய வேட்டித் துணியில் கல்லுப்பு முடிந்து வைத்திருக்கிறேன். அதைப் பிரிக்க வேண்டாம். முடிச்சோடு தண்ணீரில் நனைத்து, காலில் கடித்த அட்டையின் மேல் ஒற்றினால் தானாகச் சுருண்டு விழும், பிய்த்து இழுக்காதே. புதுச் செருப்பு வேண்டாம், பழகியதைப் போட்டுக்கொள். டார்ச், விசில், மாற்றுத் துணி ஆகியவற்றை நான் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டார் எல்லோரும் கூடும் பிள்ளையார் நோன்பன்று இழை எடுக்க நீ வராததைப் பற்றி இதில் எழுதுவதில்லை என்று முடிவு செய்துதான் உட்கார்ந்தேன். எனக்கு வேண்டியது ஒரு தாள். எந்த வழியாக ஏறுகிறீர்கள், எத்தனை மணிக்குள் இறங்குவீர்கள், வழிகாட்டியின் எண் என்ன, கூட வருபவர்கள் யார் யார் என்று எழுதி, அதைப் போட்டோ எடுத்து அனுப்பு. காட்டுக்குள் போகிறவர்கள் வெளியில் ஒருவரிடம் இவற்றைச் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். தேடுகிறவர்களுக்கு எங்கே தொடங்குவது என்று தெரிவது அதனால்தான். எத்தனை பேர் என்பதை மறக்காமல் எழுது. ஒருவர் மட்டுமே உன்னோடு வருகிறார் என்றாலும் அவர் பெயரை எழுது. அந்தப் பெயரைப் பார்த்து இந்த வீட்டில் யாரும் உன்னை எதுவும் கேட்க மாட்டார்கள். மற்றவர்கள் வாயை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அப்பச்சி உன் பயணத்தைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் நேற்று இரவு செய்தியில் தேனி மாவட்ட மழை என்றதும், சாப்பிட்ட கையோடு எழுந்து போய் டிவி சத்தத்தைக் கூட்டினார். காலையில் சலவைக்குப் போட அவர் சட்டைப் பையைத் துழாவியபோது, போடி வனச்சரக அலுவலகத்தின் எண் குறித்த துண்டுச் சீட்டு இருந்தது. திரும்பவும் மறு சட்டையில் வைத்துவிட்டேன்.

இருட்டுவதற்குள் குரங்கணிக்கு இறங்கிவிடு. இரவு எட்டு மணி வரை பார்ப்போம். அதற்கு மேலும் தகவல் இல்லையென்றால் 112-க்கும் அந்த அலுவலகத்துக்கும் போன் செய்துவிடுவோம், பிறகு கோபித்துக்கொள்ளாதே. அன்று நடப்பது தைப்பூச நடைக்குக் கால் பழகியது போலவும் இருக்கும். சிக்னல் கிடைத்ததும் என்னைக் கூப்பிட வேண்டாம். அப்பச்சியின் எண்ணுக்குக் கூப்பிடு, அவர் எடுப்பார்.

ஆத்தா