ஆண்டறிக்கை: கொத்மலை வானொலியின் கதையைத் தேடிய ஆண்டு

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, அன்பான உறுப்பினர்களே, வணக்கம்.

நாவலப்பிட்டியில் இயங்கும் நம் வாசகர் வட்டத்தின் இந்த ஆண்டு அறிக்கையைச் சபையின் முன் வைக்கிறேன். மாதக் கூட்டங்களில் ஒன்றைத் தவிர மற்றவை எல்லாம் நடந்தன. அந்த ஒன்று மழையால் நின்றது. நம் ஊர் மழையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சிறுவர் வாசிப்பு முகாமும் புத்தகப் பரிமாற்றமும் வழக்கம்போல் நடந்தன. அவற்றின் விவரம் பொருளாளரின் அறிக்கையில் வருவதால், இவ்வாண்டின் முக்கிய வேலைக்கு நேராக வந்துவிடுகிறேன்.

கொத்மலை சமூக வானொலியின் வரலாற்றை நம் பக்கத்து மனிதர்களின் நினைவிலிருந்து திரட்டுவது என்று போன பொதுக்கூட்டத்தில் தீர்மானித்தோம். "அது சிங்கள வானொலிதானே, நமக்கு எதற்கு?" என்று அன்று ஓர் உறுப்பினர் கேட்டார். நியாயமான கேள்வி. ஒலிபரப்பு பெரும்பாலும் சிங்களத்தில்தான் இருந்தது. ஆனால் ஒரே ஆற்றுத் தண்ணீரைக் குடிக்கும் இரண்டு கரை மக்களின் கதை அது. நம் ஊர் நூலகத்துக்கும் அதில் ஓர் இடம் உண்டு. அதனால் இறங்கினோம்.

கதை அணையில் தொடங்குகிறது. மகாவலித் திட்டத்தின் கீழ் கொத்மலை ஓயாவை மறித்து அணை கட்டியபோது பள்ளத்தாக்கின் கிராமங்கள் நீருக்குள் போயின. சில குடும்பங்கள் தூரத்துத் தாழ்நிலக் குடியேற்றங்களுக்குப் போயின. சில குடும்பங்களுக்கு அருகிலிருந்த தேயிலை நிலங்களில் இடம் கொடுத்தார்கள். நீர்மட்டம் இறங்கும் காலத்தில் கடதொரப் பழைய விகாரையின் இடிபாடுகள் இன்றும் மேலே தெரிகின்றன.

இப்படி இடம் பெயர்ந்தவர்களுக்காகத்தான் மகாவலி சமூக வானொலி 1980களின் தொடக்கத்தில் ஆரம்பமானது. இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம், யுனெஸ்கோ, டென்மார்க்கின் அபிவிருத்தி உதவி அமைப்பான டானிடா மூன்றும் சேர்ந்து நடத்திய வேலை அது. முதலில் அவர்களுக்குச் சொந்தமாக ஒலிபரப்புக் கருவி இருக்கவில்லை. தயாரிப்பாளர்கள் குழுவாக ஒரு குடியேற்றத்துக்குப் போய், சில நாட்கள் அங்கேயே தங்கி, மக்களோடு சாப்பிட்டு, அவர்கள் பேசுவதையும் பாடுவதையும் பதிவு செய்து வந்தார்கள். இந்த முறையைப் பற்றி வாசித்தபோது எனக்கு மனம் நிறைந்துவிட்டது. ஒலிவாங்கியை நீட்டுவதற்கு முன் உட்கார்ந்து பேச வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்த அனுபவத்தில் விளைந்ததுதான் 1989இல் வந்த கொத்மலை நிலையம். சுமார் 20 கிலோமீற்றர் சுற்றுக்குத்தான் அது எட்டியது. எஃப்.எம். அலை நேர்கோட்டில் போவது. இடையில் மலை வந்தால் நின்றுவிடும். அதனால் ஒரே தேயிலைத் தோட்டத்தில் மேல் லயனில், அதாவது மேலே உள்ள தொழிலாளர் வரிசை வீடுகளில், தெளிவாகக் கேட்டது கீழ் லயனில் வெறும் இரைச்சலாகக் கேட்டதாம். இதை மூன்று பேர் தனித்தனியாகச் சொன்னார்கள்.

உறுப்பினர் ஒருவர், ஓய்வுபெற்ற ஆசிரியை, ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தார். உள்ளே துணியில் சுற்றிய ஒலிநாடாக்கள். அவருடைய தந்தையார் வானொலியிலிருந்து பதிந்து வைத்தவை. ஒன்றில் பூஞ்சணம் பிடித்திருந்தது. இன்னொன்றில் நாடா வெளியே வந்து சிக்கியிருந்தது. பென்சிலைச் சில்லுக்குள் விட்டு மெதுவாகச் சுற்றி உள்ளே இழுக்கவே முக்கால் மணி நேரம் போனது. ஓடவிட்டால் முதலில் தகரக் கூரையில் மழை. அப்புறம் ஒரு சேவல். அப்புறம் ஒரு பெண் அரிவுவெட்டுப் பாட்டைப் பாடுகிறார்; பாதியில் மூச்சு வாங்கிச் சிரிக்கிறார், பக்கத்தில் இருப்பவர்களும் சிரிக்கிறார்கள். ஆசிரியையின் அயல்வீட்டுச் சிங்கள அம்மா அன்று கூடவே வந்திருந்தார். வரிக்கு வரி நமக்குப் பொருள் சொன்னவர், ஒரு வயலின் பெயர் வந்ததும் நிறுத்திவிட்டார். அந்த வயல் இப்போது தண்ணீருக்குள் இருக்கிறது.

உலகம் கொத்மலையைத் திரும்பிப் பார்த்தது 1990களின் கடைசியில்தான். 1998இல் யுனெஸ்கோ உதவியோடு இணையத் திட்டம் வந்தது. நேயர்கள் கேள்வி அனுப்புவார்கள். அறிவிப்பாளர் ஒலிபரப்பில் இருந்தபடியே இணையத்தில் தேடுவார். உடல்நலம் பற்றிய கேள்வி என்றால் மருத்துவர் போல விஷயம் தெரிந்த ஒருவர் கூட இருந்து, ஆங்கிலத்தில் இருப்பதைச் சனங்களின் மொழியில் விளக்குவார். வீட்டில் கணினியே பார்த்திராத விவசாயிக்கு இணையம் வானொலி வழியே போய்ச் சேர்ந்தது. நிலையத்தைத் தவிர கம்பளை, நாவலப்பிட்டி பொது நூலகங்களிலும் மக்களுக்காக இணைய வசதி வைத்தார்கள். நம் நூலகத்தின் இடம் இதுதான்.

அந்தக் கணினியின் முன் உட்கார்ந்த ஒருவர் இன்று நம் உறுப்பினர். வெளிநாட்டிலிருந்த அண்ணன் தன் குழந்தையின் படத்தை மின்னஞ்சலில் அனுப்பியிருந்தார். படம் மேலிருந்து கோடு கோடாக இறங்கியது. முதலில் தலைமயிர், கொஞ்சம் பொறுத்து நெற்றி. கண்கள் வருவதற்குள் அம்மா அழ ஆரம்பித்துவிட்டாராம்.

செயலாளராக என் கருத்தையும் பதிவு செய்ய விரும்புகிறேன். இணையத் திட்டத்தைப் பற்றி அறிக்கைகளும் ஆய்வுகளும் வந்தன; அது நல்லதுதான். ஆனால் என் மனதில் அதைவிட உயரத்தில் நிற்பது ஊருக்குள் போய்த் தங்கிப் பதிவு செய்த அந்த ஆரம்ப வேலை. அந்த நிலையம் அரச கூட்டுத்தாபனத்தின் கீழ் இருந்தது. சமூக வானொலிக்கென்று தனி உரிமச் சட்டம் நம் நாட்டில் வரவில்லை. அந்தக் கட்டுக்குள்ளும் ஒரு குடியானவப் பெண்ணின் சிரிப்பை அவர்களால் காப்பாற்றித் தர முடிந்தது. தோட்டத்துப் பக்கம் அதே அளவுக்குப் பதிவாகவில்லையே என்ற ஏக்கம் எனக்கு உண்டு. லயத்துப் பாட்டிமாரின் தாலாட்டும் காமன் கூத்துப் பாட்டும் யார் பெட்டியிலும் இல்லாமல் போய்க்கொண்டிருக்கின்றன.

ஆகவே வரும் ஆண்டுக்கு நிர்வாகக் குழு ஒரு பிரேரணையை முன்வைக்கிறது. மாதம் ஒரு தோட்டத்துக்கு நான்கு பேராகப் போவோம். முதல் நாள் கைப்பேசியை வெளியே எடுக்க வேண்டாம். தேநீர் குடித்துப் பேசிவிட்டு வருவோம். பதிவு இரண்டாம் நாளில். பாடியவரின் சம்மதத்தோடு ஒரு பிரதி நூலகத்துக்கு, ஒரு பிரதி அவருடைய வீட்டுக்கு. பிஸ்கட் டின் நாடாக்களில் ஓடக்கூடியவற்றைக் கணினிக்கு மாற்றும் வேலை தொடங்கிவிட்டது. பூஞ்சணம் பிடித்ததைச் சுத்தம் செய்யத் தெரிந்தவர் யாராவது இருந்தால் கூட்டம் முடிந்ததும் என்னைச் சந்தியுங்கள்.

ஒலிநாடாக்களைத் தந்த ஆசிரியைக்கும், நமக்காக மொழிபெயர்த்த அயல்வீட்டு அம்மாவுக்கும், மாலையில் நேரம் கடந்தும் கதவைத் திறந்து வைத்திருந்த நூலக ஊழியர்களுக்கும் வட்டத்தின் நன்றி. அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு சபையைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்