டெல்டா முடித்தால் வெளிநாட்டு வேலை நிச்சயமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கல்லூரித் தேர்வுகள் முடிகிற சமயத்தில், ‘120 மணி நேரச் சான்றிதழ், வெளிநாட்டில் ஆங்கில ஆசிரியர் வேலை’ என்ற விளம்பரங்கள் நாளிதழ்களின் வரிவிளம்பரப் பகுதியை நிறைக்கின்றன. இன்னொரு பக்கம், ஆங்கிலம் கற்பிப்பதற்கான கேம்பிரிட்ஜின் தொடக்கச் சான்றிதழான செல்டாவை முடித்து இரண்டு மூன்று வருடம் பாடம் நடத்தியவர்கள், அதற்கு மேற்பட்ட டிப்ளமாவான டெல்டாவையும் முடித்துவிட்டால் வெளிநாட்டில் நல்ல இடம் கிடைக்குமா என்று கேட்கிறார்கள். ஏற்கெனவே இந்தத் தொழிலுக்குள் இருப்பவருக்கு டெல்டாவால் பதவி உயரும், சம்பளமும் உயரும். உள்ளே நுழையவே முடியாமல் இருப்பவரைத் தடுத்து நிறுத்துவது பெரும்பாலும் வேறு காகிதங்கள்.

முதலில் அந்த 120 என்ற எண். கேம்பிரிட்ஜின் செல்டாவில் 120 மணி நேரம் என்பது பயிற்றுநரோடு செலவிடும் நேரம். அதில் 6 மணி நேரம் உண்மையான மாணவர்களுக்குப் பாடம் நடத்த வேண்டும். பின்வரிசையில் பயிற்றுநர் உட்கார்ந்து குறிப்பெடுப்பார். அனுபவமுள்ள ஆசிரியர்களின் வகுப்பை 6 மணி நேரம் கவனிக்க வேண்டும். நான்கு எழுத்துப் பணிகளும் உண்டு. லண்டன் டிரினிட்டி கல்லூரியின் ஆங்கில ஆசிரியர் சான்றிதழும் இதே தரம்தான். சில ஆயிரம் ரூபாய்க்கு இணையத்தில் கிடைக்கும் 120 மணி நேரப் படிப்பில் வீடியோவும் சரியான விடையைத் தேர்வு செய்யும் கேள்விகளும்தான் இருக்கும். அவற்றில் சில, பிரிட்டன் தகுதி வரிசையில் செல்டா இருக்கும் 5ஆம் நிலையையே காட்டுகின்றன. அது பொய்யில்லை. நிலை என்பது பாடத்தின் கடினத்தைக் குறிக்கிறது. மாணவர் முன்னால் நின்றீர்களா என்பதை அது சொல்லாது. எனவே பணம் கட்டும் முன், பயிற்றுநர் பார்வையில் எத்தனை மணி நேரம் பாடம் நடத்த வேண்டும் என்று கேளுங்கள். பதில் ‘பூஜ்யம்’ என்றால், செல்டா அல்லது அதற்கு இணையானது வேண்டும் என்று கேட்கும் நிறுவனம் அதை ஏற்காது.

அந்த 6 மணி நேரத்தில் நம்மவர்கள் தடுமாறும் இடமும் தெரிந்ததுதான். ‘ஐ ஹேவ் லாஸ்ட் மை கீ’ என்று பலகையில் எழுதிவிட்டு, ‘ஹேவ்’ உடன் வினையின் மூன்றாம் வடிவம் வரும் என்று பத்து நிமிடம் விதி சொல்வார்கள். கடைசியில் ‘புரிந்ததா?’ என்பார்கள்; வகுப்பும் ‘யெஸ்’ என்று தலையாட்டும். மதிப்பீட்டாளருக்கு வேண்டியது, பொருளைச் சோதிக்கும் குட்டிக் கேள்விகள்: சாவி இப்போது அவரிடம் இருக்கிறதா? எப்போது தொலைந்தது என்று இந்த வாக்கியம் சொல்கிறதா? இரண்டுக்கும் ‘இல்லை’ என்று மாணவர் சொன்னால் பொருள் போய்ச் சேர்ந்திருக்கிறது. இந்தப் பழக்கம் வராதவர் ஆங்கில இலக்கியத்தில் முதல் வகுப்பே வாங்கியிருந்தாலும் தேறுவது கஷ்டம்.

டெல்டா 7ஆம் நிலை, அதாவது முதுகலைப் படிப்பு இருக்கும் நிலை. மூன்று மாட்யூல்கள், எந்த வரிசையிலும் எடுக்கலாம். முதலாவது எழுத்துத் தேர்வு, தலா ஒன்றரை மணி நேரத்தில் இரண்டு தாள்கள். மூன்றாவது 4,000 முதல் 4,500 சொற்களில் ஒரு நீண்ட கட்டுரை: ஒரு மாணவர் குழுவின் தேவையை ஆராய்ந்து, அவர்களுக்குக் குறைந்தது 20 மணி நேரப் பாடத்திட்டம் வடிவமைக்க வேண்டும். ஆளைப் பிழிந்தெடுப்பது இரண்டாவதுதான். மதிப்பிடப்படும் நான்கு வகுப்புகள். ஒவ்வொன்றுக்கும் 2,000 முதல் 2,500 சொற்களில் பின்னணிக் கட்டுரை. கடைசி வகுப்பைப் பார்க்க வெளியிலிருந்து மதிப்பீட்டாளர் வருவார். இங்கே சறுக்குவதற்கு முக்கியக் காரணம் தலைப்பின் அகலம். ‘வாசிப்புத் திறன்’ என்று எடுத்தால் எல்லாவற்றையும் தொட்டு எதையும் சொல்லாத கட்டுரை வரும். ‘இடைநிலை மாணவர்கள் தெரியாத சொல்லின் பொருளைச் சூழலிலிருந்து ஊகிக்க உதவுதல்’ என்று சுருக்கினால் கட்டுரையும் பிழைக்கும், அதைத் தொடர்ந்து வரும் வகுப்பும் பிழைக்கும். கையில் சொந்தமாக ஒரு வகுப்பு இல்லாமல் இதில் இறங்குவது வீண். 1,200 மணி நேரமாவது பாடம் நடத்தியிருப்பது நல்லது என்பது பொதுவான அறிவுரை. செல்டாவுக்கே லட்சம் ரூபாய்க்கு மேல் ஆகிறது, டெல்டாவின் மூன்று பகுதிக்கும் அதைவிடக் கூடுதல்.

இவ்வளவு செலவுக்கு என்ன கிடைக்கும்? பிரிட்டிஷ் கவுன்சில் அங்கீகாரம் பெற்ற இங்கிலாந்து மொழிப் பள்ளிகளில் கல்விப் பொறுப்பாளர் பதவிக்கு 7ஆம் நிலைத் தகுதி எதிர்பார்க்கப்படுகிறது. அந்த வழக்கம் உலகெங்கும் உள்ள பெரிய மொழி மையங்களுக்கும் பரவியிருக்கிறது. மூத்த ஆசிரியர், பாடத்திட்டப் பொறுப்பாளர், செல்டா பயிற்றுநர் ஆகிய வேலைகளுக்கு டெல்டா கிட்டத்தட்ட அனுமதிச் சீட்டு. பிரிட்டனில் சில பல்கலைக்கழகங்கள் ஆங்கிலம் கற்பித்தலுக்கான முதுகலைப் படிப்பில் இதற்கு கிரெடிட் தந்து பாடங்களைக் குறைக்கின்றன. எவ்வளவு என்பது இடத்துக்கு இடம் மாறும்.

வளைகுடாப் பள்ளிகளின் கதை வேறு. அங்குள்ள சி.பி.எஸ்.இ. பள்ளிகள் பி.எட். கேட்கும். பி.எட். இல்லாமல் டெல்டாவை நீட்டினால் அது என்னவென்றே தெரியாத மேலாளர்தான் எதிரே உட்கார்ந்திருப்பார். சவுதி, ஓமன் பல்கலைக்கழகங்களில், பட்டப்படிப்பு தொடங்கும் முன் மாணவருக்கு ஆங்கிலம் கற்பிக்கும் அடித்தளத் துறைகள் முதலில் பார்ப்பது முதுகலைப் பட்டத்தை, அதுவும் ஆங்கிலம், மொழியியல் அல்லது ஆங்கிலம் கற்பித்தலில். இளங்கலை வணிகவியல், முதுகலை ஆங்கிலம் என்று தடம் மாறியிருந்தால் அங்கேயே கேள்வி எழும். தொலைதூரக் கல்வியில் பெற்ற பட்டத்தை வளைகுடாவில் பல இடங்களில் ஏற்பதில்லை. நம் ஊரில் வேலை பார்த்துக்கொண்டே அஞ்சல்வழியில் எம்.ஏ. முடித்தவர்கள் ஏராளம், இவர்கள் டெல்டாவுக்குப் பணம் கட்டும் முன் இதைத்தான் விசாரிக்க வேண்டும்.

கிழக்கே போனால் கடவுச்சீட்டே தகுதி. தென் கொரியாவின் ஆங்கிலப் பயிற்றுநர் விசா அடிப்படையில் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஏழு நாட்டவருக்கானது. இந்தியாவுடனான பொருளாதார ஒப்பந்தம் வழியாக அங்கே பள்ளிகளில் ஒரு சிறு சந்து இருக்கிறது, அதற்கும் பட்டத்தோடு ஆங்கில ஆசிரியருக்கான தகுதிச் சான்றுதான் கேட்கிறார்கள். ஜப்பான் பள்ளிகளில் பயிற்றுநராக, 12 ஆண்டுகள் ஆங்கிலவழியில் படித்ததற்குச் சான்று காட்ட வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவர், ஆங்கிலத்தில் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், அந்தக் கணக்கில் தேறமாட்டார். சீனா 2021 ஜூலையில் பள்ளிப் பாடத் தனிப்பயிற்சி மையங்களுக்குக் கடிவாளம் போட்டதிலிருந்து அங்கே இருந்த வாய்ப்பும் சுருங்கிவிட்டது. இவற்றில் எதையும் டெல்டா மாற்றாது.

ஒரு சின்ன விஷயம், ஆனால் பலர் மாட்டிக்கொள்வது: இனிஷியல். பட்டச் சான்றிதழில் ‘எஸ். கவிதா’ என்றும் கடவுச்சீட்டில் ‘கவிதா சுப்பிரமணியன்’ என்றும் இருக்கும். செல்டாவுக்குப் பதியும்போது கடவுச்சீட்டில் உள்ளபடியே எழுத்து மாறாமல் பெயர் கொடுங்கள். பட்டத்துக்கும் கடவுச்சீட்டுக்கும் உள்ள வேறுபாட்டுக்கு ஒருவரே என்ற உறுதிமொழிப் பத்திரத்தை முன்கூட்டியே தயார் செய்யுங்கள். பிறகு பட்டத்துக்கு மாநில அரசின் சான்றொப்பம், அடுத்து வெளியுறவு அமைச்சகம். சவுதி, ஓமன் ஆகியவை அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் (ஒரு நாட்டின் சான்றொப்பத்தை மற்ற உறுப்பு நாடுகள் அப்படியே ஏற்கும் ஏற்பாடு) இருப்பதால் அதோடு வேலை முடியும். அமீரகம், கத்தார், குவைத் என்றால் அந்தந்தத் தூதரகத்துக்கும் போக வேண்டும். சான்றிதழை லேமினேட் செய்து வைத்திருப்பவர்கள் முத்திரை குத்த இடமில்லாமல் அங்கேயே திரும்பி வருகிறார்கள். முகவர் வழியாகப் போவதானால், வெளிநாட்டு வேலைக்கான மத்திய அரசின் இ-மைகிரேட் இணையதளத்தில் அவருடைய பதிவு எண்ணைப் பாருங்கள். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் என்று அரசு வரம்பு வைத்திருக்கிறது.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இத்தகைய பயிற்சி விளம்பரங்களை ஏற்கும்போது, ‘பயிற்றுநர் பார்வையில் வகுப்பெடுக்கும் நேரம்: ___ மணி’ என்ற ஒரு வரியைக் கட்டாயமாக்கலாமே. கூடுதலாக இரண்டு செ.மீ. இடம்கூடப் பிடிக்காது.

இப்படிக்கு,
ஆங்கில ஆசிரியர் பயிற்றுநர்,
திருச்சி