ஆட்டோ பே போட்டால் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கிரெடிட் கார்டு பில்லுக்கு ஆட்டோ பே, அதாவது கெடு நாளில் வங்கிக் கணக்கிலிருந்து பணம் தானாகப் போகும் ஏற்பாடு, போட்டுவிட்டால் சிபில் ஸ்கோரைப் பற்றி (கடனைத் திருப்பிக் கட்டும் பழக்கத்துக்கு சிபில் நிறுவனம் போடும் மதிப்பெண்) கவலையே வேண்டாம் என்று பலரும் சொல்கிறார்கள். பாதிதான் சரி. தாமதக் கட்டணம், வட்டி இரண்டிலிருந்தும் அது காப்பாற்றும். ஆனால் நம் பெயரில் எவ்வளவு பாக்கி என்று சிபிலுக்குப் போகிறதே, அந்தத் தொகையை அது குறைக்காது.

கொருக்குப்பேட்டையில் தையல் கடை வைத்திருக்கிறேன். லைனிங் துணி, ஃபால்ஸ், நூல்கண்டு எல்லாம் எம்.சி. ரோட்டில் மொத்தமாக எடுத்து கார்டில் தேய்ப்பேன். லிமிட் 60,000 ரூபாய். ஆடி பிறந்து தீபாவளி முடியும்வரை மாதம் ஐம்பதாயிரத்துக்குக் குறையாது. பில் 12ஆம் தேதி விழும். அடுத்த மாதம் 1ஆம் தேதி முழுத் தொகையும் கணக்கிலிருந்து தானாகப் போய்விடும். தவணை தவறியதே கிடையாது.

ஓவர்லாக் மெஷினுக்குக் கடன் கேட்டுப் போனபோது, "கார்டை ரொம்ப யூஸ் பண்ணியிருக்கீங்கம்மா, ஸ்கோர் இறங்கியிருக்கு" என்றார் வங்கியில் இருந்த பெண். பாக்கியே இல்லையே என்றேன். திரையைத் திருப்பிக் காட்டினார். எத்தனை நாள் தாமதம் என்ற கட்டங்களில் வரிசையாக 000. அதற்கு மேலேயே லிமிட் 60,000, பாக்கி 51,340.

விஷயம் தேதியில்தான் இருக்கிறது. ரிசர்வ் வங்கி உத்தரவுப்படி 2025 ஜனவரி 1 முதல், 15ஆம் தேதி நிலவரத்தையும் மாதக் கடைசி நிலவரத்தையும் வங்கிகள் சிபிலுக்கு அனுப்ப வேண்டும் என்றானது. முன்பு மாதம் ஒரு முறை அனுப்பினால் போதும். என் ஆட்டோ பே 1ஆம் தேதி. 30ஆம் தேதி கணக்குப் பார்த்தால் முழு பில்லும் பாக்கியாகத்தானே தெரியும்? எங்கள் தெருவுக்கு வரும் தண்டல்காரர் காசு வாங்கிய கையோடு சிட்டையில் வரவு வைத்துவிடுவார். இங்கே ஒரு நாள் பிந்தி வரவு வைத்தால், அடுத்த நிலவரம் போகும்வரை நான் கடன்காரிதான்.

லிமிட்டில் முப்பது சதவீதத்துக்குள் பாக்கி நின்றால் நல்லது என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. எனக்கு அது 18,000. இப்போது 15ஆம் தேதிக்கும் மாதக் கடைசிக்கும் நாலைந்து நாள் முன்பே யுபிஐயில் பெரும்பகுதியைக் கட்டிவிடுகிறேன். பணம் கார்டில் வரவாக இரண்டு மூன்று நாள் பிடிக்கலாம். ஆட்டோ பே அப்படியே இருக்கட்டும், மறதிக்கு அதுதான் காவல். ஆனால் கெடு நாளில் கையாலும் கட்டினால், அது முழுத் தொகையையும் இன்னொரு முறை எடுத்துவிட வாய்ப்புண்டு. ஆட்டோ பே படிவத்தில் 'மினிமம்' (குறைந்தபட்சத் தொகை மட்டும்) என்ற கட்டத்தில் டிக் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் மீதிக்கு வட்டி ஏறும்.

இதை எல்லா மாதமும் எல்லோரும் செய்ய வேண்டியதில்லை. வட்டியில்லாத நாட்களுக்காகத்தானே சிறு வியாபாரி கார்டையே எடுக்கிறார்? பிளவுஸ் வாங்கிப் போகும்போதுதான் எனக்குக் காசு வரும். முன்கூட்டியே கட்டினால் கடைக்குப் புரட்டப் பணம் இருக்காது. கடன் கேட்பதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பிருந்து செய்தால் போதும் என்பது என் கருத்து. அதிக பாக்கியால் இறங்கிய ஸ்கோர், பாக்கி குறைந்த விவரம் போனதும் மீளும். தவணை தவறிய கறை அப்படியல்ல, ரிப்போர்ட்டில் 36 மாதம் தெரியும்.

பில் தேதியை ஒரு முறையாவது மாற்றிக்கொள்ள ரிசர்வ் வங்கி வழி செய்திருக்கிறது. ஆட்டோ பே தேதிக்கும் அந்த உரிமை வேண்டும். கெடு நாளில்தான் எடுப்போம் என்று வங்கி அடம்பிடிப்பதில் வாடிக்கையாளருக்கு என்ன லாபம்? எந்தத் தேதி நிலவரம் சிபிலுக்குப் போகிறது என்பதையும் பில்லின் முதல் பக்கத்திலேயே தமிழில் அச்சிட வேண்டும். ஹோட்டல் தள்ளுபடிக்கும் விமான டிக்கெட் சலுகைக்கும் அங்கே தாராளமாக இடம் இருக்கிறது.

இப்படிக்கு,
தையல் கடை உரிமையாளர்,
கொருக்குப்பேட்டை, சென்னை - 21