இரண்டு ஸ்டம்புக்கு நடுவே போன பந்து

அன்புள்ள முருகேசு,

நலம்தானே? அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா? பொங்கலுக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் இருந்ததற்கு உன்னோடு நேரில் சண்டை போட்டுக்கொள்கிறேன், இப்போது வேறு விஷயம்.

லம்பி ஸ்டீவன்ஸ் என்று ஒரு பழைய கிரிக்கெட் பந்துவீச்சாளர். 1735-இல் இங்கிலாந்தின் சர்ரேயில் பிறந்தவர், டாங்கர்வில் பிரபுவிடம் தோட்டக்காரர். அப்போதெல்லாம் கையைத் தாழ்த்தித்தான் பந்து போடுவார்கள், ஆனால் அந்தக் கையில் இருந்த லெங்த், அதாவது நினைத்த இடத்தில் பந்தைக் குத்தவைக்கும் திறமை, இருக்கிறதே! பிட்ச்சில் ஓர் இறகை வைத்து, நாலு பந்தில் ஒன்றையாவது லம்பி அதன்மேல் குத்துவார் என்று பிரபு 100 பவுண்டு பந்தயம் கட்டி ஜெயித்ததாகச் சொல்கிறார்கள். பிட்ச்சுக்கு இடம் பார்க்கும் உரிமை கிடைத்தால் மேடு பார்த்துத்தான் பிடிப்பாராம். ஏரிக்கரை கிரவுண்டில் நீ செய்த அதே வேலை, பாபு இன்னும் உன்னைத் திட்டுகிறான்.

1775 மே மாதம், லண்டன் ஆர்ட்டிலரி கிரவுண்டில் அணிக்கு ஐந்து பேர் ஆடிய ஆட்டம். ஹாம்பிள்டன் அணிக்குக் கடைசி ஆளாக ஜான் ஸ்மால் இறங்குகிறார், 14 ரன் வேண்டும். அன்றைக்கு ஸ்டம்ப் இரண்டுதான், நடுவில் ஒன்றும் கிடையாது, மேலே படுக்கவைத்த ஒரே ஒரு பெயில் குச்சி. எதிரணியில் இருந்த லம்பி போட்ட பந்து மூன்று தடவை ஸ்மாலை ஏமாற்றி, இரண்டு ஸ்டம்புக்கும் நடுவே புகுந்து போய்விட்டது. பெயில் அசையவில்லை, அதனால் அவுட் இல்லை. ஸ்மால் மிச்ச ரன்னை அடித்து முடித்துவிட்டார்.

படித்ததிலிருந்து மனசு ஆறவே இல்லை, போ. ஸ்மால் லேசுப்பட்டவர் இல்லை, பேட்டும் பந்தும் தானே செய்து விற்றவர், அதே வருஷம் சர்ரேக்கு எதிராக 136 அடித்தவர். இருந்தாலும் அன்றைக்கு அவரை மூன்று தடவை வீழ்த்தியது லம்பிதான் என்பேன். அந்த அநியாயம் எல்லோருக்கும் உறைத்த பிறகுதான் நடு ஸ்டம்ப் வந்தது, அதுவும் ஒரே நாளில் எல்லா ஊருக்கும் வந்துவிடவில்லை.

லம்பிக்கு அப்போது வயது கிட்டத்தட்ட 40. அதற்கப்புறமும் பத்து வருஷத்துக்கு மேல் பந்து போட்டிருக்கிறார், முருகேசு. உன் தங்கை பையனை அணியில் எடுக்கவில்லை என்று போனில் அவ்வளவு நொந்துகொண்டாயே, அவனை வலைப்பயிற்சிக்குப் போகவேண்டாம் என்று மட்டும் தயவுசெய்து சொல்லிவிடாதே. பதினான்கு வயசுதான் ஆகிறது, அவன் போடுகிற பந்து அவ்வளவு அழகாகத் திரும்புகிறது. லீவுக்கு இங்கே அனுப்பி வை, நான் கூட்டிக்கொண்டு போகிறேன்.

உன்,
செல்வம்